கொப்பியில் நான் எழுதிய சைபர்

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

ஹெல்கா. சிற்றுண்டிச்சாலை அவருடைய பொறுப்பு. குளிர்ப்பெட்டி கழுவ வந்தவர், பதினொன்றரைக்குப் போய்விட்டார்.

பெரித். வளர்ந்தவர்களுக்கு நோர்வேஜிய மொழி படிப்பித்தவர். கால் சுளுக்கியிருந்தது. ஆசிரியர் அறையில் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

நான். கீழ்மாடியில், சாமான் அறையில், சேர்வருக்கு முன்னால்.

சிவரஞ்சினி ரீச்சர். மேல்மாடியில், கணினி அறையில், ஏழாம் மேசையில். ஊரில் ஆறு வருடம் ஆசிரியையாக இருந்தவர். இங்கே அந்தப் பத்திரத்துக்கு மதிப்பில்லை. வளர்ந்தோர் வகுப்பின் கடைசிக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தார். அதற்குக் கிடைக்கும் புள்ளியை வைத்துத்தான் ஆசிரியர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். தொழில் அலுவலகம் அவரைப் படிக்க விட்டது அந்த ஒரு வருடம்தான்.

மற்ற எல்லாரும் பனிச்சறுக்குக்கு மலைக்குப் போய்விட்டார்கள். ரீச்சர் மேலே இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் படியேறவில்லை என்று எழுதுவதுதான் சரி.

எங்கள் சங்கத்து மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் வேலை அனுபவம் எழுதித் தரவேண்டும் என்றார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். "கதைக்கிற மாதிரி எழுதுங்கோ அண்ணை" என்றார் மலர் செய்கிறவர். நான் கதைக்கிறதும் குறைவு என்றேன். "அப்ப குறைய எழுதுங்கோ" என்றார்.

ஒஸ்லோவுக்கு வந்து எட்டாம் மாதம் கிழக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை கிடைத்தது. தும்புத்தடி, வாளி, தரைக்குப் போடும் மெழுகு மெசின் எல்லாம் கீழே ஒரு சாமான் அறையில் இருந்தன. ஒரு நாள் அதற்குள் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். "இது இனி இங்கேதான். தண்ணீர் படக்கூடாது" என்றார் கொண்டுவந்தவர். அவர்தான் ஒட்வார். அந்தப் பகுதிப் பள்ளிக்கூடங்களின் கணினி எல்லாம் அவர் பொறுப்பு.

அதுதான் சேர்வர். அது என்ன பெட்டி என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். மேலே கணினி அறையில் பதினாறு மெசின். ஒன்றுக்கும் சொந்த டிஸ்க் கிடையாது. ஒரே கறுப்பு வயர் சுவரோரமாகப் பதினாறையும் தொட்டுக்கொண்டு போய், கீழே இறங்கி இந்தப் பெட்டிக்கு வரும். மேலே யார் எதை எழுதிச் சேமித்தாலும் அது கீழே இதற்குள் வந்து கிடக்கும். மேலே மெசினைப் போட்டால் அது எழும்புவதற்கே கீழே கேட்கவேண்டும். பெட்டி நின்றால் பதினாறும் நிற்கும். உள்ளே இருந்த டிஸ்க் இருபது மெகாபைட். இன்று கைத்தொலைபேசியில் நாலைந்து படம் எடுத்தால் நிரம்பிவிடும். அன்று ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் அதற்குள் இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் பத்தரை மணிக்குப் பதினாறு மெசினும் ஒன்றாக விழும். மூன்று கிழமை ஒட்வார் வயரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். பிழை இல்லை. எனக்குக் காரணம் தெரியும். சொல்லப் பாஷை போதாது. நாலாம் செவ்வாய் அவர் சட்டைக் கையைப் பிடித்துச் சிற்றுண்டிச்சாலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஹெல்கா மூன்று வாஃபிள் அடுப்பையும் ஒன்றாகப் போட்டுவிட்டு மா ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அடுப்புகளும் எங்கள் சாமான் அறையும் ஒரே மின் லைன். அடுப்பு சூடேறும்போது எங்கள் அறை விளக்கு ஒரு கணம் மங்கும். அந்தக் கணத்தில் பெட்டி விழுந்து எழும்பும். எந்தப் பிளக்கைப் போட்டால் எது மங்கும் என்பது மெழுகு மெசின் பிடிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

ஒட்வார் ஒரு வாஃபிளை வாங்கி என் கையில் தந்தார். அடுத்த மாதம் முதல் எனக்கு அரை நாள் தும்புத்தடி, அரை நாள் சேர்வர்.

முதல் கிழமை அவரை "ஒட்வார் சேர்" என்று கூப்பிட்டேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சேர் யார்? இன்னும் ஒருவர் வருகிறாரா?"

அதற்குப் பிறகு வெறும் ஒட்வார்தான். வாய் பழக ஒரு வருடம் எடுத்தது.

அவர் வேலை செய்யும் விதத்தை எழுதவேண்டும். தட்டச்சுப் பலகையைத் தொடுமுன் இரண்டு கையையும் ஒரு பழந்துணியில் துடைப்பார். செய்யப்போவதை வாய்விட்டுச் சொல்வார். செய்வார். பிறகு நூலில் கட்டித் தொங்கிய நீலக் கொப்பியில் நேரத்தோடு எழுதுவார். இந்த மூன்றும் இல்லாமல் ஒரு பொத்தானும் அமத்தமாட்டார். குரல் உயர்த்திக் கேட்டதில்லை. நான் பிழை விட்டால் என் வரியின் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான். நான் திரும்பச் செய்யவேண்டும்.

டிஸ்கைப் பிரதி எடுக்கிற நாளில் அவர் சொல்லும் முதல் சொல், "எண்ணும்."

சேர்வர் திரையின் மூலையில் ஓர் எண் இருக்கும். மேலே எத்தனை மெசின் இணைந்திருக்கிறது என்ற எண். சைபர் என்றால் தொடங்கலாம். சைபர் இல்லை என்றால் படியேறிப் போகவேண்டும். ஆள் இருந்தால் சேமிக்கச் சொல்லி எழுப்பவேண்டும். ஆளில்லாமல் மெசின் மட்டும் ஓடினால் நிறுத்தவேண்டும். கீழே வந்து பத்து நிமிடம் பொறுத்துத் திரும்ப எண்ணவேண்டும்.

"யாராவது திறந்து வைத்திருக்கும் கோப்பைப் பிரதி எடுத்தால், பெயர் வரும். உள்ளே ஒன்றும் வராது. கடிதம் இல்லாத உறை" என்றார் ஒருமுறை. "திரை சொல்வது போதாது. கால் போய்ப் பார்க்கவேண்டும்."

ஆனால் கொப்பியில் எழுதியதை அவர் சந்தேகப்பட்டதே இல்லை. நான் எழுதியிருந்தால் அது நடந்தது. இரண்டு வருடம் அப்படித்தான் போனது.

அந்தப் பனி மாரியில் நாற்பது மெகாபைட் டிஸ்க் வந்தது. பழையதில் இருப்பதை எல்லாம் புதியதற்கு மாற்றவேண்டும். பனிச்சறுக்கு நாளில் செய்வோம், பள்ளிக்கூடம் வெறுமையாக இருக்கும் என்றார் ஒட்வார். அவரும் மலைக்குப் போகவேண்டும், பிள்ளைகளின் சறுக்குப் பலகைக்கு மெழுகு பூசுவது அவர்தான். "நீர் பதினொன்றுக்குத் தொடங்கும். இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓடும். மூன்றுக்கு அலாரம் தானாகப் பூட்டும், அதற்குள் நீர் வெளியே வந்துவிடும்." முதல் தரம் என்னைத் தனியே விட்டார்.

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம்.

புது டிஸ்க். புது வேலை. தனியாக முதல் நாள். அந்த மாத முடிவில் என் வேலையை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று தீர்மானம். மனைவி கமலாவும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். நிரந்தர வேலைக் கடதாசி இருந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். பதினொன்றுக்குத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டு பன்னிரண்டு வரை இருந்தேன்.

பதினொன்றுக்கு மேலே ஒருவரும் இல்லை. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து ரீச்சர் வந்தது பதினொன்றே முக்காலுக்கு. பெரித் கணினி அறைத் திறப்பைக் கொடுத்து மேலே அனுப்பியிருக்கிறார். எல்லாம் பிறகு அறிந்தது.

பன்னிரண்டு ஐந்துக்குத் திரையைப் பார்த்தேன். மூலையில் சைபர் இல்லை, ஒன்று.

பிள்ளைகள் மெசினை நிறுத்தாமல் போவது வழக்கம். இதுவும் அதுதான் என்று நினைத்தேன். மேலே போய், நிறுத்தி, வந்து, பத்து நிமிடம் பொறுத்தால் மூன்று மணி தாண்டும். அலாரம் அடிக்கும். ஏன் பதினொன்றுக்குத் தொடங்கவில்லை என்று ஒட்வார் கேட்பார். ராகுகாலத்தை நோர்வேஜிய மொழியில் எப்படிச் சொல்வது?

கையைத் துடைத்தேன். தொடங்கினேன். கொப்பியில் எழுதினேன்: 12.05. எண்ணியது: 0.

இரண்டே முக்காலுக்குப் புது டிஸ்கை மாட்டி, பழையதைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். பழையதைப் பதினாலு நாள் தொடாமல் வைக்கவேண்டும் என்பது ஒட்வாரின் விதி.

ஞாயிற்றுக்கிழமை, என்னோடு ஒரே அறையில் இருந்த மகேந்திரனிடம் நேரம் பார்த்துச் செய்ததைச் சொன்னேன். அவன் ஒரு கடதாசியும் பென்சிலும் எடுத்தான்.

"டேய், ராகுகாலம் சூரியன் உதிக்கிறதிலை இருந்து எண்ணுறது. இஞ்சை இப்ப சூரியன் ஒன்பதுக்கு எழும்பி நாலுக்குப் படுக்குது. அப்ப வெள்ளிக்கிழமை ராகு எப்ப? பதினொண்டரை தாண்டிப் பன்னிரண்டரை வரைக்கும். நீ யாழ்ப்பாணத்து ராகுவுக்கு ஒளிச்சு ஒஸ்லோ ராகுவின்ர மடியிலை போய்க் குந்தியிருக்கிறாய்."

இருவரும் சிரித்தோம்.

திங்கள் ஒன்பதரைக்குப் பெரித் நொண்டிக்கொண்டு கீழே வந்தார். "நடா, மேலே வாரும். சிவா திரையைப் பார்த்தபடியே இருக்கிறார்."

ரீச்சர் ஏழாம் மேசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"தம்பி, பேர் கிடக்கு. உள்ளுக்கை ஒண்டும் இல்லை."

திரையைப் பார்த்தேன். பெயர் இருந்தது. கீழே வெறுமை.

"வெள்ளிக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் இதிலைதான் இருந்தனான். சேமிச்சுப்போட்டுத்தான் எழும்பினனான். பயத்திலை ரெண்டு தரம் சேமிச்சனான்."

அப்போதுதான் அந்த ஒன்று யார் என்று தெரிந்தது.

"கடதாசியிலை எழுதி வைச்சிருக்கிறியளோ ரீச்சர்?"

"வேலையும் வகுப்பும், எங்கை நேரம்? நேர இதிலைதான் அடிச்சனான். முழுக்க முடிஞ்சாப்பிறகுதான் பிரிண்ட் எண்டு சொன்னவை." அது எங்கள் விதிதான். பிரிண்டரின் மை நாடா விலை கூட. "வியாழக்கிழமை குடுக்கவேணும் தம்பி."

பெரித் கேட்டார்: "மெசினில் பிழை இருக்குமோ?"

ஒட்வார் பின்னேரம்தான் வருவார். அந்த அறையில் மெசின் தெரிந்தவன் நான். பெரித்தை விட்டுத் திரும்பினேன். ரீச்சரிடம் தமிழில் சொன்னேன்.

"பழக்கமில்லாத ஆக்களுக்கு இப்பிடி வாறது. பழசு எண்டு நினைச்சு, வெறுமையா ஒண்டைத் திறந்து அதின்ர மேலை சேமிச்சிருப்பியள்."

ரீச்சர் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்பிடி நடக்குமோ?"

"நடக்கும்."

அவர் பெரித்திடம் திரும்பினார். நோர்வேஜிய மொழியில், இலக்கணம் பிசகாமல் சொன்னார்: "பிழை என்னுடையது. இவருக்கு மெசின் தெரியும்."

பழைய டிஸ்க் அலுமாரியில் இருந்தது. ரீச்சர் எழுதியது முழுவதும் அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு மணி வரை எழுதியதும் அதில்தான் விழுந்திருந்தது. அன்றே எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் சைபர் பொய் என்று தெரியும். புதன்கிழமை ஒட்வார் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாள். அன்றைக்குப் பழையதை மாட்டி, அந்தக் கோப்பை ஒரு பிளொப்பியில் எடுத்து, தேடிக் கண்டுபிடித்தேன் என்று கொடுப்போம் என்று நினைத்தேன். வியாழனுக்கு ஒரு நாள் இருக்கும். எனக்கு நல்ல பெயரும் வரும். அதையும் நினைத்தேன். மறைக்கவில்லை.

செவ்வாய் பத்து மணிக்கு ஒட்வார் தோளில் பனியோடு வந்தார்.

"அடுத்த பள்ளிக்கூடத்து டிஸ்க் செத்துப்போனது. நாளைக்கு அங்கே பரீட்சை. நம்முடைய பழையதைத் தாரும்."

"பதினாலு நாள் வைக்கவேண்டும் என்று சொன்னீர்கள்."

அவர் கொப்பியை எடுத்தார். என் வரியில் விரல் வைத்தார்.

"பன்னிரண்டு ஐந்து. சைபர். நீர் எழுதியதுதானே?"

"ஓம்."

"அப்படியென்றால் பதினாலு நாள் தேவையில்லை."

துணியை விரித்து டிஸ்கை எடுத்தார். கையைத் துடைத்தார். "அழிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். நேரம் எழுதினார். பொத்தானை அமத்தினார்.

டிஸ்க் வட்டம் வட்டமாக அழியும். எந்த வட்டத்தில் நிற்கிறது என்று திரையில் எண் ஏறும். மொத்தம் அறுநூற்றுச் சொச்சம். முடிய இருபது நிமிடம். நான் திருப்புளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐம்பதில் இருக்கும்போது நினைத்தேன், ரீச்சரின் கோப்பு புதியது, கடைசி வட்டங்களில்தான் இருக்கும், இன்னும் நேரம் இருக்கிறது. நூற்றைம்பதிலும் அப்படியே நினைத்தேன். இருநூறில் வாயைத் திறந்தேன். ஒட்வார் என்ன என்பது போலப் பார்த்தார். "கோப்பி இருக்கிறதா?" என்றேன். அவர் தன் தேர்மோஸைத் திறந்து ஊற்றித் தந்தார். குடித்தேன்.

நானூறில் அவர் சொன்னார்: "சொல்ல மறந்துபோனேன். உம்முடைய கடதாசியில் பள்ளிக்கூட அதிபர் நேற்றே கையெழுத்து வைத்துவிட்டார். நிரந்தரம். மனைவிக்கு எழுதும்."

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் தோளுக்கு மேலால் எண் ஏறுவது தெரிந்தது. நானூற்றுப் பத்து. நானூற்று இருபது. பயப்பட இனி ஒன்றும் இல்லை. அப்போது சொல்லியிருக்கலாம். "நன்றி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எண் முடியும் வரை நின்றேன். பிறகு அவர் டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ரீச்சர் இரண்டு நாளில், கையால் எழுதி, பத்துப் பக்கம் கொடுத்தார். பெரித் சித்தி போட்டார், வெறும் தேர்ச்சி. அதற்கு மேல் போட அந்தப் பத்துப் பக்கத்தில் இடம் இல்லை. கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. ரீச்சர் முதியோர் இல்லத்தில் முழுநேரமாகச் சேர்ந்தார். கமலாவும் மகளும் கோடையில் வந்தார்கள்.

மிச்ச வருடங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பெட்டி பெரிதானது, பிறகு இரண்டானது, பிறகு பள்ளிக்கூடத்தை விட்டே போனது. இப்போது எல்லாம் வேறு எங்கோ இருக்கிறது. நான் கட்டடப் பொறுப்பாளனாக ஓய்வு பெற்றேன். ஒரு பிரதியும் அதற்குப் பிறகு படியேறாமல் எடுத்ததில்லை. ஒட்வார் ஒன்றும் அறியாமலே காலமானார்.

போன மாரியில் ஒரு தொலைபேசி வந்தது. பழைய கணினிகளைத் திருத்தி ஓடவிடும் கழகத்தார். ஒட்வாரின் மகள் அவருடைய சாமான்களை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். போனேன். ஒரு நிலவறையில் எங்கள் பள்ளிக்கூடத்து மெசின் ஆறு ஓடிக்கொண்டிருந்தன. சேர்வர் எங்கே என்று கேட்டேன். நகத்தளவு அட்டை ஒன்றைக் காட்டினார்கள். அதுதானாம். அந்த மெசின்களுக்கு வித்தியாசம் தெரியாதாம்.

மேசையில் நீலக் கொப்பி இருந்தது.

"இப்படி ஓர் ஒழுங்கை நாங்கள் பார்த்ததே இல்லை" என்றார் தலைவர். இளம் ஆள். "இத்தனை வருடத்தில் ஏதாவது அழிந்துபோனதுண்டா?"

"இல்லை" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. முப்பத்தைந்து வருடம் போயும் அதே சைபர். குடிக்கத் தந்த கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

ஒஸ்லோவில் குறொன்லாண்டுப் பகுதி மரக்கறிக் கடைக்காரருக்குத் தெரியாத தமிழர் இல்லை. ரீச்சர் திராமன் நகரில் மகளோடு இருக்கிறார் என்று விலாசம் தந்தார். சனிக்கிழமை ரயில் எடுத்தேன்.

கதவைத் திறந்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஆர், நடராசாத் தம்பியோ? தலை முழுக்க வெள்ளையடிச்சுப்போட்டு வந்து நிக்கிறியள்."

"வயசு போச்சு ரீச்சர்."

"என்னை ரீச்சர் எண்டு கூப்பிட இப்ப நீங்கள் ஒராள்தான் மிச்சம். உள்ளுக்கை வாங்கோ. தேத்தண்ணி போடுறன்."

தேத்தண்ணி வரும்வரை இருக்க முடியவில்லை. குசினி வாசலில் நின்றபடியே சொன்னேன். ராகுகாலம், ஒன்று, சைபர், அலுமாரியில் இருந்த டிஸ்க், செவ்வாய்க்கிழமை. ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

அவர் அடுப்பை நிறுத்தினார்.

"திரும்பச் சொல்லுங்கோ."

திரும்பச் சொன்னேன்.

"அப்ப நான் சேமிச்சனான்."

"ஓம் ரீச்சர்."

"ரெண்டு தரமும்."

"ரெண்டு தரமும்."

அவர் கதிரையை இழுத்து இருந்தார்.

"நான் அதுக்குப் பிறகு ஒரு கொம்பியூட்டரும் தொட்டதில்லைத் தம்பி. இல்லத்திலை அறிக்கை எல்லாம் கொம்பியூட்டரிலை எண்டு வந்தது. கூட வேலை செய்யிற பெட்டையளைக் கெஞ்சி எழுதுவிச்சனான். பொறுப்பாளரா வரச்சொல்லி ரெண்டு தரம் கேட்டவை. எழுத்து வேலை எனக்கு வேண்டாம் எண்டிட்டன். வங்கிக்கு மகள், வரிக்கு மகள். ‘அம்மா, இதிலை ஒருக்கா அமத்துங்கோ, ஒண்டும் நடவாது’ எண்டு சொல்லுவாள். அமத்தமாட்டன். என்ர கை சரியில்லை எண்டு நினைச்சிருந்தனான்."

மன்னிப்புக் கேட்டேன்.

"அதுக்கு நான் என்ன சொல்ல? கேட்டிட்டியள். இருக்கட்டும்" என்றார்.

தேத்தண்ணி போடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இதை மலரில் எழுதப்போகிறேன், பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன்.

"ஏன் மாத்துறியள்? என்ர பேரைப் போட்டு, சேமிச்சவ எண்டு எழுதுங்கோ."

எழும்பும்போது ஒன்று கேட்டேன். இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் இருந்தது. புது டிஸ்கில் பெயர் மட்டும்தான் வந்தது, அளவு வரவில்லை.

"எவ்வளவு எழுதியிருந்தனீங்கள் ரீச்சர்?"

அவர் யோசிக்கவில்லை. இடக்கையை விரித்து, சின்னி விரலின் அடி ரேகையில் பெருவிரலை வைத்தார். ஒவ்வொரு ரேகையாக ஏறினார்.

"முன்னுரை, ரெண்டு பக்கம். குண்டு விழுந்து பள்ளிக்கூடம் கோயில் மண்டபத்துக்குப் போனது, ஆறு. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும், பதினொண்டு. கரும்பலகை இல்லாமல் மண்ணிலை கணக்குப் படிப்பிச்சது, ஒன்பது. மூண்டு வகுப்பை ஒரு மண்டபத்திலை வைச்சு நடத்தினது, எட்டு. இந்த நாட்டிலை ஒரு வகுப்புத் தந்தால் நான் என்ன செய்வன் எண்டது, அஞ்சு."

கூட்டிச் சொல்லவில்லை. கையை மடக்கிக்கொண்டார்.

ரயிலில் இருந்தபடி நான் கூட்டினேன். நாற்பத்தொன்று.